காலடி மண்ணுக்கும் ஒரு வேகம் உண்டு

சுமத்ராவில் நிலம் நடுங்கும்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் ஒரே அனுபவம் கிடைப்பதில்லை. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி பாடாங் நகருக்கு அருகே 7.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. 2022 பிப்ரவரி 25ஆம் தேதி மேற்குச் சுமத்ராவின் பாசமான் பகுதியில் 6.1 அளவில் இன்னொன்று. இரண்டு முறையும் இங்கே அடுக்குமாடிகளில் இருந்த பலர் ஆட்டத்தை உணர்ந்து கீழே இறங்கி வந்தார்கள். அதே நேரத்தில் வேறு பலர் ஒன்றும் தெரியாமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே நிலநடுக்கம், ஒரே பள்ளத்தாக்கு. ஏன் இந்த வேறுபாடு? எந்த மாடியில் இருந்தோம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் பலர் நினைத்துப் பார்க்காதது: கட்டடத்துக்கு அடியில் இருக்கும் மண். அந்த மண் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பொறியாளர்கள் ஓர் எண்ணைக் கொண்டு முன்கூட்டியே மதிப்பிடுகிறார்கள். மண்ணுக்குள் ஒரு வகை அதிர்வலை விநாடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதே அந்த எண். அதை எப்படி அளக்கிறார்கள், அது நமக்கு எதைச் சொல்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

மெக்சிகோ நகரம் கற்பித்த பாடம்

1985 செப்டம்பர் 19ஆம் தேதி மெக்சிகோவின் பசிபிக் கடற்கரையோரம் 8.0 அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. நடுக்கத்தின் மையத்திலிருந்து தலைநகரான மெக்சிகோ நகரம் சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் பெரிய சேதம் வராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நகரின் ஒரு பகுதியில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் இடிந்தன, ஆயிரக்கணக்கானோர் இறந்தனர்.

எந்தப் பகுதி அது? மெக்சிகோ நகரத்தின் ஒரு பகுதி பழைய டெக்ஸ்கோகோ ஏரி இருந்த இடத்தில் அமைந்துள்ளது. ஏரி வற்றிப்போனாலும் அதன் மென்மையான களிமண் அடியில் அப்படியே இருக்கிறது. அன்று கெட்டியான நிலத்தில் இருந்த கருவியைவிட ஏரிக் களிமண்ணின் மேல் இருந்த கருவி ஏறக்குறைய ஐந்து மடங்கு வலுவான ஆட்டத்தைப் பதிவு செய்தது. இரண்டும் ஒரே நகரில் இருந்தவை.

2001 ஜனவரி 26ஆம் தேதி இந்தியாவின் குஜராத்தில் பூஜ் நகரை அழித்த நிலநடுக்கமும் இதையே காட்டியது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில், சபர்மதி ஆற்று வண்டலின் மேல் நின்ற பல அடுக்குமாடிகள் இடிந்தன. கட்டுமானக் குறைகளும் அதற்குக் காரணம். என்றாலும் மண்ணின் பங்கை யாரும் மறுக்கவில்லை.

தூரத்தில் நடக்கும் பெரிய நிலநடுக்கம், இங்கே மென்மையான மண், அதன் மேல் உயரமான கட்டடம். இந்த மூன்றும் சேரும் இடங்கள் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உண்டு. சுமத்ராவின் நிலநடுக்கப் பகுதிகள் நமக்கு 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. ஆகவே மெக்சிகோவின் பாடம் நமக்கும் வேண்டியதுதான்.

எந்த அலையை அளக்கிறோம்?

நிலநடுக்கத்தின்போது பூமிக்குள் இரண்டு வகை அலைகள் புறப்படுகின்றன. முதலாவது அமுக்க அலை. இது போகும் திசையிலேயே மண்ணை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும். ஒலி காற்றில் செல்வதும் இப்படித்தான். இதுவே வேகமானது, முதலில் வந்து சேரும்.

இரண்டாவது எஸ் அலை. இது போகும் திசைக்குக் குறுக்காக மண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும். ஒரு கட்டுச் சீட்டின் மேல் கையை வைத்து மெதுவாக ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். சீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிக் கட்டு சாய்கிறது அல்லவா? எஸ் அலை கடக்கும்போது மண் அடுக்குகளுக்கும் இதுதான் நடக்கிறது. கட்டடங்களைப் பக்கவாட்டில் ஆட்டிச் சேதப்படுத்துவதில் பெரும்பங்கு இந்த அலைக்கு உண்டு.

சாய்க்கும் விசையை மண் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதை அதன் விறைப்பு என்கிறோம். விறைப்பு கூடக் கூட எஸ் அலையின் வேகமும் கூடும். இயற்பியல் சூத்திரம் எளிது: விறைப்பு = அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். ஒரே அடர்த்தியுள்ள இரண்டு மண்களில், ஒன்றில் எஸ் அலை விநாடிக்கு 100 மீட்டரும் மற்றொன்றில் 200 மீட்டரும் ஓடினால், இரண்டாவது மண் நான்கு மடங்கு விறைப்பானது. ஆகவே வேகத்தைத் தெரிந்துகொண்டால் மண்ணைத் தோண்டாமலேயே அதன் உறுதி நமக்குத் தெரிந்துவிடும்.

அமுக்க அலை இன்னும் வேகமானதாயிற்றே, அதையே அளக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கிள்ளான் போன்ற தாழ்வான இடங்களில் மண் நீரில் ஊறியிருக்கும். அமுக்க அலை நீரிலும் ஓடக்கூடியது. நீரில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர். மண் கூழாக இருந்தாலும் அதிலுள்ள நீரைப் பிடித்துக்கொண்டு அந்த அலை வேகமாகப் போய்விடும். அந்த எண்ணைப் பார்த்து இது உறுதியான நிலம் என்று நாம் ஏமாந்துபோவோம். எஸ் அலையோ நீரில் ஓடாது. ஏனென்றால் நீரைச் சாய்த்து வைக்க முடியாது. அது திரும்பி எழுந்து நிற்காது. மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடிப்பின் வழியாகத்தான் எஸ் அலை செல்ல முடியும். அதனால்தான் அது மண்ணின் உண்மையான நிலையைச் சொல்கிறது.

வேகம் குறைந்தால் ஆட்டம் கூடும்

மென்மையான மண்ணில் ஆட்டம் ஏன் பெரிதாகிறது? நெடுஞ்சாலையில் வேகமாக வரும் வாகனங்கள் டோல் சாவடியை நெருங்கும்போது என்ன ஆகிறது? வேகம் குறைகிறது, வாகனங்கள் நெருங்கி நிற்கின்றன. பாறையில் வேகமாக வந்த அலை களிமண்ணில் நுழைந்ததும் அதன் வேகமும் இப்படிக் குறைகிறது. பின்னால் வரும் ஆற்றல் நிற்பதில்லை. அது குறுகிய இடத்தில் நெருங்குகிறது. அந்த ஆற்றலுக்கு வேறு வழியில்லாமல் அலையின் உயரம், அதாவது வீச்சு, கூடுகிறது.

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். அடர்த்தி மாற்றத்தையும் உராய்வையும் விட்டுவிட்டால், வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு வீச்சு கூடும். பாறையில் விநாடிக்கு 1600 மீட்டர் வேகத்தில் வந்த அலை, 100 மீட்டர் வேகமுள்ள களிமண்ணில் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 16 மடங்கு குறைகிறது. 16-இன் வர்க்கமூலம் 4. ஆட்டம் நான்கு மடங்கு!

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு

இப்போது நம் ஊருக்கு வருவோம். பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளானில் இறங்கலாம். நேர்கோட்டில் அளந்தால் 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தில் உள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து 1886-இல் திறக்கப்பட்ட சிலாங்கூரின் முதல் ரயில் பாதையும் இந்த வழியில்தான் போட்டார்கள். ஆனால் இந்தச் சிறிய பயணத்துக்குள் காலடி நிலம் முழுவதும் மாறிவிடுகிறது.

கோலாலம்பூர் நகரின் அடியில் மூன்று முக்கியமான பாறை வகைகள் உள்ளன. ஒன்று சுண்ணாம்புப் பாறை. தைப்பூசத்துக்கு நாம் படியேறும் பத்துமலை, இந்தப் பாறை தரைக்கு மேலே எழுந்து நிற்கும் இடம். நகருக்குள் அதே வகைப் பாறை தரைக்கு அடியில், குழியும் குகையுமாக, மேடு பள்ளமாகக் கிடக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடத்தில் இந்தச் சுண்ணாம்புப் பாறை திடீரென ஆழத்தில் இறங்கியது. அதனால் கோபுரங்களின் இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். இரண்டாவது, கென்னி ஹில் எனப்படும் மணற்பாறை, களிப்பாறை அடுக்கு. மூன்றாவது கிரானைட். இவற்றின் மேல் பாறை மக்கி உண்டான மண்ணும், ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலும் இருக்கின்றன.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரே ஒரு மண் அறிக்கைதான். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் தாக்கின. அதன்பின் மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுங்கள் என்று அரசு கூறியது. அதற்குத் தேவையான செங்கல் சூளைகள் இங்கே எழுந்தன. நல்ல களிமண் இருந்தால்தானே சூளை வைக்க முடியும்? கிள்ளான் ஆறு படியவைத்த களிமண் அது.

அதே ஆறு மேற்கே ஓடி, ஷா ஆலாம் பக்கத்துக் குன்றுகளைத் தாண்டி, கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கிள்ளானின் தாழ்வான பகுதிகளில் இருப்பது கடற்களிமண். பனியுகம் முடிந்தபின் கடல்மட்டம் உயர்ந்தது. சுமார் 5,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்தது. அப்போது இந்தக் கடலோரச் சமவெளி நீருக்கு அடியில் கிடந்தது; அங்கே சேறு படிந்தது. புவியியல் கணக்கில் 5,000 ஆண்டு என்பது நேற்று மாதிரி. அந்தச் சேறு இன்னும் பாறையாக இறுகவில்லை.

ரயில் நிலையப் பெயர்களைக் கவனித்தீர்களா? கிள்ளானுக்கு முந்திய நிலையம் புக்கிட் பாடாக். புக்கிட் என்றால் குன்று. கிள்ளானைத் தாண்டியதும் தெலுக் பூலாய், தெலுக் காடோங். தெலுக் என்றால் கடல் உள்வாங்கிய வளைகுடா. பழைய ஊர்ப்பெயர்கள் நிலத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஆனாலும் பெயரை மட்டும் நம்பிக் கட்டடம் கட்ட முடியாது. கிள்ளானுக்குள்ளேயே குன்றின் மேல் நிற்கும் கட்டடங்களும் உண்டு, ஆற்றோரச் சேற்றின் மேல் நிற்பவையும் உண்டு. எனவே ஊருக்கு ஒரு எண் போதாது. ஒவ்வோர் இடத்தையும் அளக்க வேண்டும்.

ஒரு சம்மட்டி, இருபத்து நான்கு காதுகள்

அளப்பதற்குப் பல வழிகள் உள்ளன. பழைய வழி, ஆழமாகத் துளையிட்டு அதற்குள் உணர்கருவியை இறக்குவது. மேலே தரையில் ஒரு மரக்கட்டையைப் பக்கவாட்டில் அடித்தால் எஸ் அலை கிளம்பும். அது 10 மீட்டர் ஆழத்திலுள்ள கருவியை எப்போது அடைகிறது, 11 மீட்டரில் எப்போது அடைகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு மீட்டருக்கும் வேகம் கிடைக்கும். இது நம்பகமான முறை. ஆனால் துளையிடச் செலவும் நாளும் ஆகும்.

துளையே இல்லாத முறை ஒன்றை அமெரிக்காவின் கன்சாஸ் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த சூன் பார்க், ரிச்சர்ட் மில்லர், ஜியாங்ஹாய் ஷியா ஆகியோர் 1999-இல் விளக்கி எழுதினார்கள். இன்று உலகெங்கும் இது புழங்குகிறது. சென்னையில் ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்களும் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தினரும் தங்கள் நகரங்களின் மண்ணை இம்முறையில் அளந்திருக்கிறார்கள்.

ஒரு திடலில் நேர்கோடாக 24 ஜியோபோன்களை ஒன்று அல்லது இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டு வைப்பார்கள். ஜியோபோன் என்பது ஒரு சிறிய கருவி. அதற்குள் ஒரு காந்தமும், சுருள்வில்லில் தொங்கும் கம்பிச்சுருளும் இருக்கும். தரை அதிர்ந்தால் காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையே அசைவு உண்டாகி, சிறிய மின்னழுத்தம் பிறக்கும். இது நீங்கள் படித்த மின்காந்தத் தூண்டல்தான்! பிறகு கோட்டின் ஒரு முனையில் தரையில் ஓர் உலோகத் தகட்டை வைத்து, சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அதிர்வு ஒவ்வொரு ஜியோபோனாகக் கடந்து செல்லும். எல்லாப் பதிவுகளும் கம்பி வழியாக ஒரு கணினிக்குப் போகும்.

இந்த அடியில் அதிகமாகக் கிளம்புவது தரையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் ரேலி அலை. இதில்தான் முறையின் சூட்சுமம் இருக்கிறது. குறுகிய அலைநீளமுள்ள ரேலி அலை மேல்மண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு போகும். நீண்ட அலைநீளமுள்ளது ஆழம் வரை தொட்டுக்கொண்டு போகும். கீழே கெட்டியான மண் இருந்தால் நீண்ட அலைகள் வேகமாக ஓடி முந்திவிடும். எந்த அலைநீளத்துக்கு எந்த வேகம் என்று வரைபடம் போட்டால், எந்த ஆழத்தில் மண் எவ்வளவு விறைப்பு என்று கணினி பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்லும். ரேலி அலையின் வேகம் எஸ் அலையின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று மேலே இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுவது கடினமல்ல.

நகரத்தில் இதைச் செய்வதில் தொல்லைகளும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற நெரிசலான இடத்தில் 40 மீட்டர் நேரான திறந்தவெளி கிடைப்பதே அரிது. ஒரு பள்ளித் திடல் கிடைத்தால் அதிர்ஷ்டம். ரயிலும் லாரியும் ஓயாமல் தரையை அதிர வைத்துக்கொண்டிருக்கும். கிள்ளான் போன்ற இடத்தில் வேறு சிக்கல்: களிமண் ஆழமாக இருந்தால் சம்மட்டி அடி போதாது. அதில் நீண்ட அலைகள் குறைவு.

தொல்லையையே துணையாக்கும் வழியும் உண்டு. யாரும் அடிக்காதபோதும் தரை மிக மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. போக்குவரத்து, கடலலை, காற்று எல்லாம் அதற்குக் காரணம். இந்த நுண்ணதிர்வில் நீண்ட அலைகள் ஏராளம். கிடைமட்ட ஆட்டத்தையும் செங்குத்து ஆட்டத்தையும் தனித்தனியே பதிவு செய்யும் ஒரே ஒரு கருவியைச் சிறிது நேரம் தரையில் வைத்துவிட்டு, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் முகடு ஒன்று எழும். அந்த மண் எந்தத் தாளத்தில் ஆட விரும்புகிறது என்பதை அது காட்டும். ஜப்பானிய ரயில்வே ஆய்வாளர் யுடாகா நகமுரா 1989-இல் இந்த முறையைப் பரவலாக்கினார்.

30 மீட்டர் கணக்கு

ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு வேகம் கிடைத்துவிட்டது. ஆனால் கட்டட வடிவமைப்பாளருக்கு ஒரே எண் வேண்டும். அதனால் மேலிருந்து 30 மீட்டர் ஆழத்துக்குச் சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். 30 என்பது இயற்கை விதி அல்ல. அது ஏறக்குறைய 100 அடி. துளையிடும் வேலைக்கு வசதியான ஆழம் என்பதால் நிலைத்துவிட்ட எண்.

இங்கே சராசரி எடுப்பதில் கவனம் தேவை. பயிற்சிக்காக ஓர் இடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மேலே 20 மீட்டர் மென்களிமண், வேகம் விநாடிக்கு 100 மீட்டர். கீழே 10 மீட்டர் மணல், வேகம் 250 மீட்டர். தடிப்பை வைத்து நேரடியாகச் சராசரி எடுத்தால் 150 வரும். அது தவறு. ரயில் பயணத்தின் சராசரி வேகத்தை எப்படிக் கணக்கிடுகிறோம்? மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கிறோம். இங்கும் அப்படியே. களிமண்ணைக் கடக்க 20 ÷ 100 = 0.2 விநாடி. மணலைக் கடக்க 10 ÷ 250 = 0.04 விநாடி. மொத்தம் 0.24 விநாடி. 30 ÷ 0.24 = 125. சராசரி வேகம் விநாடிக்கு 125 மீட்டர். மெதுவான அடுக்கில் அலை அதிக நேரம் செலவிடுகிறது. ஆகவே அந்த அடுக்கே சராசரியைக் கீழே இழுக்கிறது.

இன்னோர் இடம். மேலே 6 மீட்டர் வண்டல், வேகம் 200 மீட்டர். கீழே 24 மீட்டர் கெட்டியான மண், வேகம் 600 மீட்டர். நேரம் 0.03 + 0.04 = 0.07 விநாடி. சராசரி வேகம் ஏறக்குறைய 429 மீட்டர்.

ஐரோப்பியக் கட்டட விதிமுறையான யூரோகோட் 8, இந்த எண்ணை வைத்து நிலத்தை வகைப்படுத்துகிறது. 800 மீட்டருக்கு மேல் என்றால் ‘ஏ’ வகை, அதாவது பாறை. 360 முதல் 800 வரை ‘பி’. 180 முதல் 360 வரை ‘சி’. 180-க்குக் கீழ் ‘டி’. மெல்லிய வண்டலுக்கு உடனடியாகக் கீழே பாறை இருந்தால் ‘இ’. நம் முதல் இடம் ‘டி’. இரண்டாவது இடம் ‘பி’. ஒரே நிலநடுக்கத்துக்கு இவ்விரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி கட்டடத்தை வடிவமைத்தால் போதாது என்பது இப்போது புரிகிறதா?

மண்ணும் கட்டடமும் ஒரே தாளத்தில்

ஊஞ்சலை அதன் தாளத்துக்கேற்பத் தள்ளினால் சிறு விசையே அதை உயரக் கொண்டுபோகும். இதுதான் ஒத்ததிர்வு. மண் அடுக்குக்கும் இப்படி ஓர் இயல்பான தாளம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எளிய சூத்திரம் இருக்கிறது: அலைவுக் காலம் = 4 × மண்ணின் ஆழம் ÷ எஸ் அலையின் வேகம்.

நம் முதல் இடத்தில் 30 மீட்டருக்குக் கீழே பாறை என்று வைத்துக்கொண்டால், 4 × 30 ÷ 125 = 0.96 விநாடி. இரண்டாவது இடத்தில் 4 × 30 ÷ 429 = 0.28 விநாடி.

கட்டடத்துக்கும் தாளம் உண்டு. தோராயமாக ஒரு மாடிக்கு 0.1 விநாடி என்று எடுத்துக்கொள்ளலாம். பத்து மாடி அடுக்குமாடி ஒருமுறை ஆடிவர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். மூன்று மாடிப் பள்ளிக் கட்டடத்துக்கு 0.3 விநாடி. இப்போது எண்களை ஒப்பிடுங்கள். முதல் இடத்தின் மண்ணும் பத்து மாடிக் கட்டடமும் ஒரே தாளத்தில் ஆடுகின்றன! மெக்சிகோ நகரில் ஏரிக் களிமண்ணின் தாளம் ஏறக்குறைய 2 விநாடி. அங்கே 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்களே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. விரிசல் விழ விழக் கட்டடம் தளர்ந்து, அதன் அலைவுக் காலம் நீண்டு, மண்ணின் தாளத்தை நோக்கிப் போனதே காரணம்.

சுமத்ராவிலிருந்து வரும் அலைகளிலும் ஒரு தனித்தன்மை உண்டு. பத்துமலையில் தைப்பூசத்தன்று அருகில் நின்றால் நாதஸ்வரம், தாளம், உறுமி எல்லாம் கேட்கும். தொலைவில் போகப் போக மற்றவை மங்கி, உறுமியின் தாழ்ந்த ‘டும் டும்’ மட்டும் எஞ்சும். நிலநடுக்க அலைகளும் அப்படித்தான். வேகமாகத் துடிக்கும் அலைகள் வழியிலேயே வலுவிழந்துவிடும். மெதுவாக ஆடும் அலைகள் 300, 400 கிலோமீட்டர் தாண்டியும் வந்து சேரும். தரை வீடுகளை அவை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆழமான மென்மண்ணையும் உயரமான கட்டடங்களையுமே தேடிப் பிடித்து ஆட்டும்.

நம் நாடு என்ன செய்கிறது?

மலேசியத் தீபகற்பம் நிலநடுக்க அபாயம் குறைந்த பகுதிதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. 2007 நவம்பர் முதல் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பகாங் மாநிலத்தின் புக்கிட் திங்கி வட்டாரத்தில் பல சிறு நடுக்கங்கள் பதிவாயின. 2015 ஜூன் 5ஆம் தேதி சபாவின் ரானாவ் வட்டாரத்தில் ஏற்பட்ட 6.0 அளவிலான நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள்.

நீண்ட காலமாக இங்கே கட்டடங்கள் நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுக்காத பிரிட்டிஷ் விதிமுறைப்படி கட்டப்பட்டு வந்தன. யூரோகோட் 8-க்கான மலேசிய தேசிய இணைப்பு 2017-இல் வெளிவந்தது. அதில் ஒரு சிறப்பு உண்டு. நிலத்தை 30 மீட்டர் சராசரி வேகத்தால் அல்லாமல், மேலே நாம் கணக்கிட்ட அலைவுக் காலத்தால் அது வகைப்படுத்துகிறது. 0.15 விநாடிக்குக் கீழ் ‘ஏ’, 0.5 வரை ‘பி’; 0.7 வரை ‘சி’, 1.0 வரை ‘டி’. அதற்கும் மேல் ‘இ’. தூரத்திலிருந்து மெதுவான அலைகள் வரும் நாட்டுக்கு மண்ணின் ஆழமும் தாளமும் முக்கியம் என்பதால் இது பொருத்தமான முடிவு. அண்டை நாடான சிங்கப்பூரும் மென்மண்ணில் எழும் உயரமான புதிய கட்டடங்களுக்கு நிலநடுக்க வடிவமைப்பைக் கட்டாயமாக்கியுள்ளது.

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அஸ்லான் அட்னானும் அவருடைய குழுவினரும் கோலாலம்பூர் நகர மையத்தின் மண் எங்கெங்கே ஆட்டத்தை எவ்வளவு பெரிதாக்கும் என்று காட்டும் வரைபடங்களைத் தயாரித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வரைபடங்கள் ஆற்றின் வழியே கடல் வரை நீள வேண்டும். புதிய கட்டடங்களுக்கு விதிமுறை இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் வாழ்வதும் படிப்பதும் அதற்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களில்தான். அவற்றில் எதை முதலில் சோதிக்க வேண்டும், எதை வலுப்படுத்த வேண்டும் என்று முடிவெடுக்க முதல் படி, அடியிலுள்ள மண்ணின் வேகத்தைத் தெரிந்துகொள்வதே. அதற்கு ஒரு திடலும் ஒரு சம்மட்டியும் சில ஜியோபோன்களும் போதும். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். இயற்பியலும் கணிதமும் பிடித்த மாணவர்களுக்கு இது ஒரு நல்ல துறை.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளில் அகர்-அகர் காய்ச்சி ஊற்றுங்கள். ஒன்றில் தூளை வழக்கமான அளவும் மற்றொன்றில் இரு மடங்கும் போடுங்கள். இறுகியதும் இரண்டையும் ஒரே பலகையில் வைத்துப் பலகையை மெதுவாகப் பக்கவாட்டில் அசையுங்கள். எது அதிகம் ஆடுகிறது? அசைக்கும் வேகத்தை மாற்றினால் எப்போது ஆட்டம் மிகப் பெரிதாகிறது? ஒவ்வொன்றின் மேலும் ஓர் உயரமான அழிப்பான் துண்டையும் ஒரு தட்டையான துண்டையும் நிறுத்தி, எது முதலில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு: ஓரிடத்தில் மேலே 10 மீட்டர் களிமண், வேகம் விநாடிக்கு 100 மீட்டர், கீழே 20 மீட்டர் கெட்டி மண், வேகம் 400 மீட்டர், அதற்கும் கீழே பாறை. சராசரி வேகம், அலைவுக் காலம், நிலவகை ஆகியவற்றைக் கண்டுபிடியுங்கள். எத்தனை மாடிக் கட்டடம் அங்கே கவனமாக வடிவமைக்கப்பட வேண்டும்?

விடை: நேரம் 0.1 + 0.05 = 0.15 விநாடி. சராசரி வேகம் 200 மீட்டர். அலைவுக் காலம் 0.6 விநாடி. இரண்டு முறைப்படியும் ‘சி’ வகை. ஏறக்குறைய ஆறு மாடிக் கட்டடம்.